துடைப்பம் பிடிப்பவன்

பதினெட்டாம் மாடி வரை லிஃப்ட்.
அதற்கு மேல் இரும்பு ஏணி.
மில்வாக்கியில் ஜூன் என்று பெயர்தான்,
ஏரிக்காற்று காதைக் கடிக்கிறது.

என் வேலை துடைப்பம் பிடிப்பது.
கீழே கொதிகலன் அறையில் சம்பளம் வாங்குகிறவன்
வருடத்துக்கு ஒரு நாள்
வானத்தைப் பெருக்கப் போகிறவன் போல நிற்கிறேன்.
தாய் வல்லூறு பாய்ந்தால்
முதலில் துடைப்பத்தில் மோத வேண்டும்,
வெர்னா டுட்ஸிக்கின் தலையில் அல்ல.
போன வருடம் என் தலைக்கவசத்தில் அது போட்ட கீறலுக்கு
இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.
கேட்பவர்களுக்குக் காட்டுவேன். கேட்காதவர்களுக்கும்.

ஆறாம் மாடி இன்ஷூரன்ஸ்காரர்கள்
மார்ச் முதல் கேமராவைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டபடி
விபத்துக் கணக்கு எழுதுகிறார்கள்.
நாலு முட்டை என்று முதலில் கத்தியவள்
அந்த மாடியின் வரவேற்பாளர்.
பொரிந்தது மூன்று.
நாலாவது சரளைக்கல்லோடு கல்லாகக் கிடக்கிறது.
வெர்னா அதைப் பைக்குள் போட்டுத் தேதி எழுதுகிறாள்.

கக் கக் கக் கக் என்று
தாய் எங்களைச் சுற்றி வட்டம் போடுகிறது.
பிறகு சத்தம் நின்றது.
சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும்.
அது வந்ததை நான் பார்க்கவில்லை,
துடைப்பம் என் கையில் துள்ளியதுதான் தெரியும்.
நாலைந்து குச்சிகள் தெருவை நோக்கி மெதுவாக இறங்கின.

முதல் குஞ்சு.
வெள்ளைப் பஞ்சுக்குள் திணித்து வைத்த கோபம்.
கால்கள் மட்டும் உடம்பை முந்திக்கொண்டு
வளர்ந்து முடிந்துவிட்டன.
வெர்னா காலின் தடிமனை அளக்கிறாள்.
"பெண். பெரிய வளையம் கொடு."
இடுக்கி மூடும்போது
நகவெட்டியின் சத்தம், அவ்வளவுதான்.
எழுத்தும் எண்ணும் கிடைத்த கையோடு
அது வெர்னாவின் சட்டையில்
வெள்ளையாகக் கையெழுத்துப் போட்டது.
மற்ற இரண்டும் ஆண்.
ஒன்று கடைசிவரை வாயை மூடவே இல்லை.

அவற்றைத் திரும்ப வைக்கும்போதுதான் பார்த்தோம்.
மரங்கொத்தி இறகுக்கும்
யாருடையதோ தெரியாத மார்பெலும்புக்கும் நடுவே
ஒரு புறாக்கால்.
கால் மட்டும்.
அதிலும் ஒரு வளையம்.

"நீ ஃபோன் பண்ணு," என்றாள் வெர்னா.
"எனக்கு இந்த ஃபோன் மட்டும் வராது."
ஹூபர்ட் ஸீமன்ஸ்கி, வெஸ்ட் ஆலிஸ்,
பந்தயப் புறா வளர்ப்பவர்.
எண்ணைப் படித்தேன்.
இண்டியானாவில் சனிக்கிழமை பறக்கவிட்டதாம்.
ஞாயிறு இருட்டும் வரை
கூண்டின் கதவைத் திறந்தே வைத்திருந்தாராம்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
புறாக்களின் குமுறல் மட்டும் கேட்டது.
"எத்தனை குஞ்சு?"
"மூணு."
"நல்லாச் சாப்பிடுதா?"

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

ஆகஸ்டில் பார்க்கிங் காவலாளி
ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.
வங்கியின் புதுக் கண்ணாடியில்
வானம் தெளிவாகத் தெரியும்.
வாய் மூடாத அந்த ஆண்தான்.
வெர்னா எண்ணை இரண்டு முறை படித்தாள்,
வேறு எண்ணாக மாறிவிடுமா என்பது போல.
இன்னோர் ஆணைப் பற்றி
இன்றுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.
வெர்னாவின் நோட்டில் அதன் வரி
பாதியில் நிற்கிறது. அப்படிப் பாதியில் நிற்கும் வரிகள்
பக்கம் பக்கமாக இருக்கின்றன.

இரண்டு குளிர்காலம் போனது.
ஒரு ஏப்ரல் மாதம்
டுலூத் துறைமுகத்தில், தானியக் கிடங்கின் உச்சியில்,
தொலைநோக்கி வைத்திருந்த ஒருத்தி
ஒரு காலைப் பற்றிக் கடிதம் எழுதினாள்.
கறுப்புக்குக் கீழே பச்சை. எழுத்து சரி. எண் சரி.
பெரிய வளையம்.

வெர்னா சிரித்துக்கொண்டே போனாள்.
நான் கொதிகலன் அறைக்கு இறங்கி
அதே துடைப்பத்தால் தரையைப் பெருக்கினேன்.
குச்சி குறைந்த இடத்தில் தூசி அள்ளாது,
ஒரு கோடு விட்டுப்போகும்.

பிறகு, ஏன் என்று தெரியாமல்,
ஹூபர்ட்டுக்கு ஃபோன் செய்தேன்.
"இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?"
நேர்கோட்டில் முந்நூறு மைலுக்கு மேல் என்றேன்.
மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார்.
"மோசமில்லை," என்றார்,
தன் கூண்டுக்குத் திரும்பிய ஒன்றைப் பற்றிச் சொல்வது போல.